பதினோரு அட்டைகள், ஒரு வாய்

பிரிக்பீல்ட்ஸ்
19.2.1984

அன்புள்ள தங்கச்சி பூமணிக்கு,

நான் சுகம். மழை நாளில் படியேறினால் முழங்கால் வலிக்கிறது, அவ்வளவுதான். நீயும் உன் வீட்டுக்காரர் தியாகராசாவும் எப்படி இருக்கிறீர்கள்? அவருடைய இரத்த அழுத்த மாத்திரை தீர்வதற்கு முன்பே எழுது.

எங்கள் வாய்ப் புற்றுநோய் ஆய்வின் மூன்றாம் ஆண்டுக்கான அட்டைகளை இதோடு அனுப்புகிறேன். தோட்டத்தில் நம் பட்டியலில் உள்ள நூறு பெண்களுக்கும் ஆளுக்கு ஓர் எண். சென்ற ஆண்டு போலவே செய்யுங்கள். நீ கன்னத்தை விலக்கிப் பிடித்து, எண் எழுதிய அட்டையை உதட்டுக்குக் கீழே வை. தோட்டத்து மருந்துக்கடை டிரெசர் வாசு படம் எடுக்கட்டும். முகம் படத்தில் விழக்கூடாது. நான் ஃபிலிமைக் கழுவி இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

முதல் ஆண்டு அறுபத்தொரு பேர்தான் வாயைக் காட்டினார்கள். எழுபதுக்குக் குறைந்தால் உங்கள் தோட்டத்தை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அப்போது கடுமையாக எழுதினேன். சென்ற ஆண்டு எப்படியோ எழுபத்தொரு பேரைச் சேர்த்தாய். எப்படி என்று நான் கேட்கவில்லை. இந்த முறையும் குறையாமல் பார். வருடாவருடம் வாயைப் பார்த்தால் புற்றுநோய்ச் சாவு குறைகிறதா என்று தெரிய இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்திருக்கும் மற்றத் தோட்டங்களில் நாங்கள் ஒன்றும் செய்வதில்லை. இறந்தவர்களை மட்டும் எண்ணுகிறோம்.

அன்புடன்,
அக்கா நேசம்மா

*

கேரி தீவு
14.3.1984

அன்பான அக்காவுக்கு,

கடிதமும் அட்டைகளும் கிடைத்தன. இருவரும் நலம். மாத்திரை ஒரு மாதத்துக்கு இருக்கிறது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவுங்கள். டாக்டருக்கே வைத்தியம் சொல்கிறாளே என்று சிரிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை, பதினோராம் தேதி, படம் எடுத்து முடித்தோம். எழுபத்தொரு பேர். ஃபிலிம் சுருள்களைத் தோட்டத்து வேனில் அனுப்பியிருக்கிறேன்.

சுலபமாக நடக்கவில்லை, அக்கா. நீங்கள் முதல் ஆண்டு நோய் கண்டுபிடித்த காமாட்சியை இவர்கள் இன்னும் மறக்கவில்லை. கோலாலம்பூர் போனாள், பாதிக் கன்னத்தோடு திரும்பி வந்தாள், நான்கு மாதத்தில் போய்விட்டாள். நோய் முன்பே முற்றியிருந்தது என்று நான் சொன்னால், "லைட் அடிச்சுப் பார்க்கிற வரைக்கும் நல்லாத்தானே சாப்பிட்டா?" என்கிறார்கள். திறந்த வாயை அந்தப் பெட்டி படம் பிடித்தால் ஆள் தங்காது என்று ஒரு பேச்சு. வாசு கேமராவோடு லயன் வீடுகள் பக்கம் போனால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. விளையாடுகிற பிள்ளைகள் ஓடவில்லை; நின்ற இடத்திலேயே கையால் வாயைப் பொத்திக்கொள்கின்றன. அவன் கடந்து போகும் வரை அப்படியே நிற்கின்றன.

ஒன்று கேட்க வேண்டும். வெற்றிலையே போடாதவர்களுக்கும் இந்த நோய் வருமா? சும்மா கேட்டேன்.

உங்கள் தங்கை,
பூமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
22.4.1984

அன்புள்ள பூமணிக்கு,

எண்ணெய் தடவினேன். பலன் இல்லை, வாசனை மட்டும் போகவில்லை. உங்கள் சுகத்தை எழுது.

கேட்டதற்குப் பதில்: வரும், ஆனால் அரிது. புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர்களுக்குத்தான் அதிகம்.

இப்போது நீ எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவு அலுவலகத்திலிருந்து இறந்தோர் பட்டியல் எங்களுக்கு வரும். சென்ற வாரம் வந்ததில் உங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அய்யாவுவின் மனைவி சந்திரகலா, அட்டை எண் 47. மஞ்சள் காமாலையில் ஜனவரி பத்தொன்பதில் இறந்திருக்கிறாள்.

மார்ச் பதினொன்றில் நீங்கள் எடுத்த படங்களில் 47 இருக்கிறது. நல்ல தெளிவான படம். நாக்கு ஈரமாக மின்னுகிறது. அட்டையில் இருப்பது உன் கையெழுத்து.

எண் மாறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். மாறியிருந்தால் இன்னொரு எண் குறைய வேண்டும். குறையவில்லை. என்ன நடந்தது என்று எழுது.

அன்புடன்,
அக்கா

*

கேரி தீவு
6.5.1984

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்குப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

47 பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்று கூட்டம் அதிகம், வெயில், எனக்குத் தலைவலி. ஏதோ பிசகிவிட்டது. அந்தப் படத்தை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

இந்த வருடம் ரம்புத்தான் நிறையக் காய்த்திருக்கிறது. தியாகராசா உங்களுக்கென்று ஒரு மரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார். நான் இப்போது புளிப்பு சாப்பிடுவதில்லை.

பூமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
20.5.1984

அன்புள்ள பூமணிக்கு,

நலம். இந்த ஒரு சொல்லோடு விசாரிப்பை முடித்துக்கொள்கிறேன், கோபம் வேண்டாம்.

நேற்று சனிக்கிழமை, அலுவலகத்தில் யாரும் இல்லை. உங்கள் தோட்டத்துச் சிலைடுகள் எல்லாவற்றையும் விளக்குப் பெட்டியில் பரப்பினேன். 47இல் மேல்வரிசை முன்பல் ஒன்று முனை உடைந்திருக்கிறது. நாக்கின் நுனியில் சின்னப் பிளவு. இரண்டும் எனக்கு மனத்தில் பதிந்துவிட்டன. அதே பல்லை 12இல் பார்த்தேன். 19இல் பார்த்தேன். அதே நாக்கு 33இல். எண்ணி முடித்தபோது பதினொன்று. எல்லோரும் முதல் ஆண்டு வராதவர்கள், சென்ற ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள். பதினொன்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவிட்டு விலகி நின்றேன். பதினோரு பெண்கள் ஒரே வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி செத்தவள். நான் எதற்கும் எளிதில் பயப்படுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மறுபடி உட்கார்ந்தேன்.

ஏமாற்று வேலை என்று எனக்குப் புரிகிறது. அதைப் பிறகு பேசலாம். இப்போது அவசரம் வேறு. சென்ற ஆண்டுப் படங்களை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பதினொன்றும் இதே வாய்தான். அப்போது சுத்தமாக இருந்தது. இந்த ஆண்டு இடது கன்னத்தின் உட்புறம், கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில், வெள்ளைத் திட்டு இருக்கிறது. நடுவில் சிவந்து சொரசொரப்பாக. பதினோரு படத்திலும் அதே இடம், அதே அளவு. எனக்கு அந்தச் சிவப்பு பிடிக்கவில்லை. இரண்டு மாதம் ஏற்கனவே போய்விட்டது.

யார் அந்தப் பெண்? பெயரை மட்டும் எழுது. யாரையும் தண்டிக்க மாட்டேன். அவள் இந்த மாதமே இங்கே வர வேண்டும். வராவிட்டால் காமாட்சிக்கு நடந்ததுதான் அவளுக்கும்.

அக்கா

*

பிரிக்பீல்ட்ஸ்
17.6.1984

பூமணிக்கு,

நான்கு வாரமாகப் பதில் இல்லை. நேற்றுத் தோட்ட ஆபீசுக்கு டெலிபோன் செய்தேன். கணக்கெழுதும் கிராணி அவர்தானே, தியாகராசாதான் எடுத்தார். நீ சுகமாக இருப்பதாகச் சொன்னார். பிறகு தானாகவே, "கொஞ்ச நாளாச் சோறு வேண்டாமாம், கஞ்சிதான் குடிக்கிறா, விரதமாம்" என்றார். எந்தச் சாமிக்கு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

நீ பத்து வயதில் பள்ளிக்கூடக் குழாயடியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாய். நான்தான் உன்னை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். போன மாதமே எனக்கு அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வந்தது என்றுதான் நினைக்கிறேன். எழுதத் தைரியமில்லாமல் "யார் அந்தப் பெண்" என்று உன்னிடமே கேட்டிருக்கிறேன்.

உடனே எழுது.

அக்கா

*

கேரி தீவு
25.6.1984

அன்பான அக்காவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் உடம்பு எப்படி என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

என் வாய்தான், அக்கா. இரண்டு வருடமும்.

எழுபது சேராவிட்டால் தோட்டத்தை எடுத்துவிடுவார்கள் என்று நீங்கள் எழுதிய கடிதத்தோடு வீடு வீடாகப் போனேன். யாரும் அசையவில்லை. கடைசியில் களை வெட்டுகிற இராஜம்மா ஒரு வழி சொன்னாள். "என் மகனுக்கு முடியாதப்ப அவன் மாமன்தானே பத்துமலைக்குக் காவடி எடுத்தான்? சாமி ஏத்துக்கலையா? அது மாதிரி எனக்காக நீங்க வாயைக் காட்டுங்க, கிராணியம்மா. நீங்க வெத்திலை போடாதவங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது லா." பக்கத்தில் இருந்த பத்துப் பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சும்மா ஒப்புக்கொள்ளவில்லை, மாரியம்மன் கோவிலுக்கு அழைத்துப் போய், ஒவ்வொருத்தியும் தன் அட்டையை என் கையில் வைத்து, என் கன்னத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். பால்குடம் எடுக்கிறவளைக் கும்பிடுவது போல. மூன்று வருடத்துக்கு என்று பேச்சு. அதனால்தான் சந்திரகலா இறந்த பிறகும் அய்யாவு அவள் அட்டையைக் கொண்டு வந்து நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசுவைத் திட்ட வேண்டாம். அவன் மனைவியும் அந்தப் பதினொன்றில் ஒருத்தி.

முதலில் உங்களுக்காகத்தான் செய்தேன். இப்போது அப்படி இல்லை. சிகிச்சைக்கு நான் வரமாட்டேன்.

நான் பைத்தியம் இல்லை. இது அவர்களுடையது, நான் வாங்கிக்கொண்டேன். என்னிடம் இருக்கும் வரை அவர்களிடம் இல்லை. நீங்கள் இதை வெட்டி எடுத்தால் வந்த இடத்துக்கே திரும்பிப் போகும். ஒவ்வொரு வீட்டுக்கும். காலையில் அவர்கள் பெரட்டுக்கு, ஆள் கணக்குக் கொடுக்கப் போகும்போது சன்னல் வழியாக எண்ணுகிறேன். பத்துப் பேரும் போனால்தான் கஞ்சி குடிக்கிறேன்.

நீங்கள் நம்பமாட்டீர்கள். சரி, ஒன்று செய்யுங்கள். நீங்களே வந்து அந்தப் பத்துப் பேரின் வாயையும் பாருங்கள். நான் கிள்ளானில் தியாகராசாவின் தமக்கை வீட்டுக்குப் போய்விடுகிறேன். நான் இருந்தால் அவர்கள் திறக்கமாட்டார்கள். பத்தும் சுத்தம் என்றால், நோய் அவர்களுக்குள் இல்லவே இல்லை, இது என்னுடையதுதான் என்று ஏற்றுக்கொண்டு வருகிறேன். ஒன்றில் இருந்தாலும் வரமாட்டேன். இதற்குள்ளேயே திரும்பத் தொடங்கிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

நேரில் சொல்ல வேண்டாம், எழுதி அனுப்புங்கள். நீங்கள் எழுத்தில் பொய் எழுதியதே இல்லை.

பூமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
1.7.1984

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். இன்று காலை கிள்ளான் போய், தெலுக் பங்லிமா காராங் வழியாகத் தோட்டத்துக்குப் போய் வந்தேன். இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன், காலைக்கூடக் கழுவவில்லை.

தோட்டத்து மருந்துக்கடையின் பின்னறையில் உட்கார்ந்தேன். கேமரா எடுத்துப் போகவில்லை. கண்ணாடியும் டார்ச்சும் மட்டும். "கிராணியம்மாவுக்காக" என்று சொன்னேன். வேறெதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. வரிசையாக வந்தார்கள். எவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

12: பல் எல்லாம் கறை, வேறொன்றும் இல்லை. 19: வலது கன்னத்தில் சுண்ணாம்பு பட்ட தழும்பு, ஆறியது. 21, 28: சுத்தம். 33: ஈறு வீக்கம், அவ்வளவே, மருந்து கொடுத்தேன். 40, வாசுவின் மனைவி: பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். சுத்தம். 52: பல்லே இல்லை. 58: சுத்தம். 66: நாக்கில் புண் என்று அழுதாள், சூடான தேநீர் சுட்டது. 71, இராஜம்மா: சுத்தம்.

பத்துப் பேரும் சுத்தம். இருபது முப்பது வருடம் வெற்றிலை போடுகிறவர்கள். பத்து என்பது சின்ன எண்ணிக்கை. அதில் வியப்பு ஒன்றுமில்லை.

நீ கேட்டபடி எழுத்தில் கொடுத்துவிட்டேன். இனி நீ சொன்னபடி செய்.

அக்கா

*

கிள்ளான்
5.7.1984

அன்பான அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு முறை படித்தேன். தியாகராசாவின் தமக்கையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லியும் கேட்டேன்.

வருகிறேன். திங்கட்கிழமை வந்து அழைத்துப் போங்கள். இரண்டு சேலை போதுமா? அறுவைக்குப் பிறகு சில நாள் பேச முடியாது என்று சொன்னீர்களாம், தியாகராசா சொன்னார். காகிதமும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நேற்று வாயில் இரத்தம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

பூமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
12.8.1984

அன்புள்ள தங்கச்சிக்கு,

தினமும் மாலையில் உன் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டு வருகிறேன். உன் சுகத்தை என் கண்ணாலேயே பார்க்கிறேன். ஆகவே அதைக் கேட்காமல் தொடங்குகிறேன். உன் முகத்துக்கு எதிரே சொல்ல முடியாததை எழுதி நர்சிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

உன்னுடையதை முழுவதும் எடுத்துவிட்டார்கள். வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது. கழுத்திலும் இல்லை. இது உண்மை. அறிக்கையையும் உறைக்குள் வைத்திருக்கிறேன். நான் எழுதுவதை நீ இனி நம்பமாட்டாய், அதனால்.

பத்துப் பேர் சுத்தம் என்று எழுதினேன். ஒன்பது பேர்தான் சுத்தம். இராஜம்மாவுக்குப் புண் இருந்தது. இடது கன்னம், உட்புறம், கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில். புகையிலையை அவர்கள் அடக்கிக்கொள்ளும் இடம் அது; பெரும்பாலோருக்கு அங்கேதான் வரும். அவளுக்கு ஏன் அங்கே என்று எனக்குத் தெரியும். உனக்கு ஏன் அங்கே என்று தெரியவில்லை. காரணம் இல்லாமலும் சிலருக்கு வரும் என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம் நாங்கள். எனக்கு அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

டார்ச்சை அணைத்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. "கிராணியம்மா வாங்கிக்கிட்டாங்கன்னுதானே இருந்தேன்" என்றாள். பிறகு, "எனக்கும் இருந்தா, அவங்ககிட்ட இருக்கிறது யாரோடது, டாக்டரம்மா?" என்று கேட்டாள். உனக்கு அறுவை முடியும் வரை யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். தனக்கு எப்போது என்றுகூட அவள் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்று வாரம் காத்திருந்தாள், என் பொய்க்காக. அதற்கு முன் ஒரு வருடம் உன் வாய்க்காக. சென்ற ஆண்டு அவளுடைய வாயையே பார்த்திருந்தால் ஒரு சின்ன வெட்டோடு போயிருக்கும். எழுபது வேண்டும் என்று எழுதியவள் நான். இதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். முடியவில்லை.

அவளுக்கும் அறுவை முடிந்தது. தாடை எலும்பும் கொஞ்சம் போயிற்று. பிழைப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது. உன் வார்டில் வைக்க வேண்டாம் என்று கேட்டிருந்தேன். வேறு கட்டில் காலி இல்லை என்கிறார்கள்.

பதினோரு அட்டையின் பதிவுகளையும் ஆய்வுத் தலைவரிடம் கொடுத்து, எல்லாம் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

அக்கா

*

வார்டு
20.8.1984

அன்பான அக்காவுக்கு,

சுகம். மூக்குக் குழாயை நேற்று எடுத்துவிட்டார்கள். ஆறு நாளாக நீங்கள் வாசல் வரை வந்து, நர்சிடம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போவது எனக்குத் தெரியும். உள்ளே வாருங்கள்.

உங்கள் கடிதத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சன்னலோரக் கட்டிலுக்கு ஒருத்தியைத் தள்ளி வந்தார்கள். முகம் முழுக்கக் கட்டு. காலைப் பார்த்தேன். களை வெட்டும் மண்வெட்டி பட்டு ஒரு விரல் இல்லாத கால், தோட்டத்தில் ஒன்றுதான் உண்டு. அன்று இரவெல்லாம் நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பி வந்துவிட்டது, என்னால்தான், என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு உங்கள் கடிதம் வந்தது. என்னை வெட்டுவதற்கு முன்பே அவளுக்கு இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். நான் தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இன்னும் நிச்சயமில்லை, அக்கா. உங்களுக்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் இருவராலும் இன்னும் பேச முடியவில்லை. அவளுக்கு எழுதவும் தெரியாது. நேற்று டிரெஸிங் மாற்றிய பிறகு அவளே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள். என்னைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தாள். பிறகு வாயைத் திறந்தாள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு. வலியில் கண்ணீர் கொட்டியது, மூடவில்லை. கேமராவுக்குக் காட்டாதவள், எனக்குக் காட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். என் தையலும் அதே இடத்தில், அதே வளைவில் இருக்கிறது. காலையில்தான் கண்ணாடியில் பார்த்திருந்தேன். கையில் கண்ணாடி இல்லை என்பதை ஒருமுறை உறுதி செய்துகொண்டேன்.

71ஆம் அட்டையில் அவளுடைய வாயை எழுதுங்கள். நான் பார்த்தேன் என்று என் பெயரையும் போடுங்கள்.

மிச்சம் ஒன்பது பேர். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த முறை நீங்கள் பார்த்துவிட்டு எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். நானும் கூட வருகிறேன். டார்ச்சை நான் பிடிக்கிறேன்.

பூமணி